தட்டைப்புழுவின் பசி

குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம் என்று மகிழ்நன் சார் சொன்ன அன்றைக்கு நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் வந்து, "உனக்கு யாரும் எடுத்துச் சொல்லலையா பிரகாசி?" என்று கேட்கக் கூடாது. சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

எங்கள் பவளக் கூடம் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள், கடல்நீர், அதற்குள் உயிருள்ள பவளம். கடலுக்குள் இருக்கும் தீவுகளைச் சுற்றி இருந்த பவளமெல்லாம் தண்ணீர் சூடேறி, வெளுத்துச் செத்துப் பதினோரு வருடமாகிறது. எங்கள் கரைக்கு மிச்சம் இந்தத் தொட்டிகளில் இருப்பதுதான். இதை வளர்த்து, கிளை கிளையாக வெட்டி, ஒரு நாள் திரும்பவும் கடலில் நடவேண்டும் என்பது திட்டம். நடப் போகிறவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். தொட்டி கழுவுகிறவர்கள் நாங்கள் ஐந்து பெண்கள். ஐந்து பேரில் எனக்குத்தான் சர்வீஸ் அதிகம். வாயும் அதிகம்.

தொட்டியின் அடியில் சேரும் கசடை எடுக்க ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு முனை தண்ணீரில், மறுமுனை வாயில். ஒரே ஒரு இழுப்பு. தண்ணீர் உதட்டுக்கு வரும் முன்னே குழாயைக் கீழே வாளியில் விட்டால் அது பாட்டுக்கு ஓடும். இதற்கென்று கைப்பம்பு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பம்பு வெடுக்கென்று இழுக்கும், பவளத்தின் நுனி ஒடியும். வாய்க்குத்தான் பதம் தெரியும் என்பது எங்கள் ஐந்து பேரின் கட்சி.

ஆவணியில் தட்டைப்புழு மறுபடியும் வந்தது. துரு நிறத்தில், சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், காகிதத் தடிமன்தான். பவளத்தின் மேல் ஒட்டிப் படுத்து மேயும். மேய்ந்த இடத்தில் வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்பு விழும். ஒன்றை இரண்டாகக் கிழித்தால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும். சனியன், அதன் முட்டைக்கு எந்த மருந்தும் ஏறாது. முந்தின வருடம் மருந்து விட்டோம். ஒரு மணி நேரத்தில் அத்தனை புழுவும் செத்தது. சும்மா சாகவில்லை, உடம்பில் இருந்த விஷத்தையெல்லாம் தண்ணீரில் விட்டுவிட்டுச் செத்தது. சாயங்காலத்துக்குள் மூன்றாம் தொட்டியில் மீன், நண்டு, பவளம் எல்லாம் போய்விட்டது. இருபது வருடம் நான் வளர்த்த பவளம். தரையில் உட்கார்ந்து, சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன்.

மகிழ்நன் சார் எங்கள் கூடத்து விஞ்ஞானி, கோயம்புத்தூர்க்காரர். முப்பது வயது, எறும்பைக்கூட "போங்க" என்று சொல்லுகிற ரகம். அவர்தான் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"சாகடிச்சாத்தானுங்க அக்கா பிரச்சனை. சாகடிக்க வேண்டாம். பசிக்காம பண்ணிடலாம்."

"பசிக்காமலா?"

"பசிங்கறது உடம்புக்குள்ள ஓடற ஒரு சேதிங்க. அந்தச் சேதியைக் கொண்டுபோற பொருளை வழியிலயே பிடிச்சு வெச்சுக்கற மாதிரி ஒரு பாக்டீரியாவை மாத்தியிருக்கேன். தண்ணியில விட்டா அதுவே பெருகிக்கும். புழு பவளத்து மேலயே படுத்திருக்கும், ஆனா திங்கத் தோணாது. தினம் பத்து இருபதா வத்திச் சாகும். விஷம் ஒரேயடியா எறங்காது. நீங்க உறிஞ்சி எடுத்துட்டே இருக்கலாம்."

"மனுசருக்கு?"

"ஒண்ணும் ஆகாதுங்க. நம்ம உடம்புச் சூட்டுல அது தங்காது. இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு வாயில உறிஞ்சாதீங்க அக்கா. கைப்பம்பு இருக்குதில்லைங்களா?"

அப்போதுதான் சிரித்தேன். "சார், இருபத்திரண்டு வருசமா உறிஞ்சுதேன். ஒரு வாய்த் தண்ணி உள்ள போனதில்ல."

பொய்யில்லை. ஆனால் உதட்டில் உப்பு ஒட்டும். அதை நாக்கால் தடவிக்கொள்வோம். எங்கள் ஐந்து பேருக்கும் அது பழக்கம். அதை நான் யோசிக்கவில்லை.

என் தங்கை ஜெசிந்தாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளை இல்லை. போகாத ஆஸ்பத்திரி இல்லை, ஏற்றாத மெழுகுவர்த்தி இல்லை. அந்தப் புரட்டாசியில் அவளுக்கு ஐந்தாம் மாதம். அம்மா இல்லை, எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, அதனால் நான்தான் அவளுக்கு எல்லாம். அடுத்தடுத்த வீடு. வேலை முடிந்து வந்ததும் மீன்குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, உப்புச் சரியா என்று ஒரு உருண்டையைக் கடித்துப் பார்த்து, மீதியை அதே கையால் அவள் வாயில் வைப்பேன்.

"எக்கா, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"வாயத் தொறட்டி. உள்ள இருக்க ஆளு கேக்கு."

இந்தப் பிள்ளை நல்லபடியாக வந்து சேர வேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கு வேறு ஜெபமே இல்லை.

மருந்து வேலை செய்தது. ஐப்பசி பாதிக்குள் புழுக்கள் பவளத்தின் மேலேயே கிடந்து சுருங்கின. முன்னே ஒரு பக்கம் இரை விழுந்தால் மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் நகரும். இப்போது மூக்குக்கு நேராக இருந்தாலும் நகரவில்லை. தினமும் உறிஞ்சி எடுத்தோம். மழையில் கழிவுத் தொட்டி ஒருமுறை நிரம்பி, பிளீச்சிங் பவுடர் போடும் முன்பே வழிந்து கடலுக்குப் போனது. அதை ஒரு பெரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மகிழ்நன் சார் எங்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். லட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன். இரண்டு நாள் கழித்துத் துவைக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

பிறகு கார்த்திகை. ஐந்தாம் தொட்டியில் புழுவைத் தின்பதற்காகவே விட்டிருந்த மஞ்சள் மீன் ஒன்று உண்டு. என் கை நிழல் விழுந்தாலே மேலே பாய்ந்து வரும். அது வராமல் நின்றது. பவளம் எப்படிச் சாப்பிடும் என்று உங்களுக்குத் தெரியுமா? உடம்பு முழுக்கக் கண் கண்ணாக இருக்கும், ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வாய். இறால் பொடிக் கரைசலைச் சொட்டு விடுகிற நீள மூக்கு ஃபில்லரில் எடுத்துப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஆயிரம் சின்னக் கைகள் விரியும். அவையும் விரியவில்லை. நான் ஒவ்வொரு வாயின் ஓரத்திலும் ஒரு சொட்டு வைத்து, அது மூடும்வரை காத்திருந்து, அடுத்ததற்குப் போனேன். சாரிடம் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

ஜெசிந்தாவின் புருஷன் இஞ்ஞாசி தூண்டில் வள்ளத்தில் போகிறவர். ஒரு மதியம் வெறும் கூடையோடு வந்து நின்றார்.

"மதினி, மீனு இல்லாம இல்ல. கண்ணுக்குத் தெரியுது, வள்ளத்தைச் சுத்தி வருது. ஆனா கடிக்க மாட்டேங்கு. போட்ட இரை போட்டபடி வருது."

"பழைய இரையா இருக்கும்."

"உயிரோட துடிச்ச கணவா மதினி."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஏனென்றால் எனக்கே அப்போது ஒரு சுகமான காலம். அசிடிட்டி போயிருந்தது. மதியம் கண் இருட்டுவது இல்லை. சமைத்து முடித்தாலே சாப்பிட்ட திருப்தி. எதிரில் வருகிற எல்லோரும் கேட்டார்கள், "சாப்டாச்சா?" நானும் சொன்னேன், "ஆச்சு." நானும் கேட்டேன். அவர்களும் ஆச்சு என்றார்கள். எங்கள் ஊரில் அடுப்பே மூட்டாத வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்வார். கேட்டவர் மனம் சங்கடப்படக் கூடாது, நம் மானமும் போகக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஊரே ஒளிந்துகொண்டிருந்தது.

வெளிச்சத்துக்கு வந்தது கிறிஸ்மஸுக்கு மறுநாள்.

பண்டிகைக்குப் பயறும் வெல்லமும் உருட்டி முந்திரிக்கொத்து சுட்டேன். ஒரு ஈட்டில் எண்ணெய் அதிகமாகக் காய்ந்துபோய் மூன்று உருண்டை கருகிவிட்டது. கருகியதை அடியில் வைத்து, நல்லதை மேலே அடுக்கி, பூப்போட்ட துணி மூடி, எதிர்வீட்டு அன்னாள் சித்திக்கு அனுப்பினேன். எல்லாரும் செய்கிற வேலைதான், என்னை மட்டும் முறைக்க வேண்டாம். மறுநாள் காலை, கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற ஸ்டெல்லா ஒரு தட்டோடு வந்தாள். "எக்கா, எங்க வீட்டுப் பலகாரம்."

துணியை எடுத்தேன். முந்திரிக்கொத்து. எனக்கு ஏதோ போல இருந்தது. மேலே இருந்ததை அள்ளி எடுத்துவிட்டுப் பார்த்தால், அடியில் மூன்று கருகியது.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. இது நீ சுட்டதா?"

ஸ்டெல்லாவின் முகம் சிறுத்துவிட்டது. "கோவப்படாதிய எக்கா. பக்கத்து அமலி வீட்ல இருந்து வந்துச்சு. எங்க வீட்ல யாரும் திங்கல, வீணாப் போவுதேன்னு..."

அமலியிடம் போனேன். அவளுக்குத் தெருக்கோடி டீச்சர் வீட்டிலிருந்து. டீச்சருக்கு அன்னாள் சித்தி வீட்டிலிருந்து. நான்கு வீடு சுற்றி வந்திருக்கிறது. நான் அனுப்பியது இருபத்தொன்று. தட்டில் இருபத்தொன்று. அந்த நான்கு வீட்டிலும் சேர்ந்து ஏழு சின்னப் பிள்ளைகள்.

டீச்சர் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். இப்படியா ஒருத்தி பண்டத்தை அவமதிப்பது என்று. கத்திக்கொண்டிருக்கும்போதே என் வீட்டு ஞாபகம் வந்தது. எனக்கு வந்த தட்டுகள் ஆறு. அந்த ஆறையும் நான் என்ன செய்தேன்? ஒன்றையும் தொடாமல் துணி மாற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன். பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தேன். வளையல் முழங்கை வரை இறங்கி ஏறியது. நான் கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

ஓடினேன். ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் மாதம், வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது, தோளெலும்பு துருத்தியிருந்தது. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

"ஜெசி, சத்தியமாச் சொல்லு. நேத்து என்ன சாப்ட்ட?"

"நீ ஊட்டுனேல்லா?"

"நான் ஊட்டல. நேத்து நான் சோறே ஆக்கல."

அவள் ஊசியை நிறுத்தி யோசித்தாள். "அப்ப இல்லக்கா. எனக்குத் தோணவே இல்ல."

அன்றைக்கே கூடத்துக்குப் போனேன். மகிழ்நன் சார் மேசையில் இருந்தார். பெல்ட்டில் ஆணியால் போட்ட புது ஓட்டைகள் மூன்று.

"சார், சாப்டாச்சா?"

"ஆச்சுங்க அக்கா."

அவர் டிபன் பாக்ஸைத் திறந்தேன். இட்லி நூல் விட்டுப் பூத்திருந்தது. நாற்றம் குப்பென்று வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"கார்த்திகை கடைசியில சந்தேகம் வந்துச்சுங்க. நீங்க மீனைப் பத்திச் சொன்னப்ப. பசிங்கற சேதி ரொம்பப் பழசுங்க அக்கா. புழுவுக்கும் மீனுக்கும் நமக்கும் அது ஒண்ணுதான். உடம்புச் சூட்டுல தங்காதுன்னு கணக்குப் போட்டேன். வாயை மறந்துட்டேன். வாய் கொஞ்சம் ஆறுன இடம். அங்க குடியிருந்துட்டு உள்ள எறங்கி ரத்தம் வரைக்கும் போகப் பழகிருச்சு. எச்சில்ல போகுது. டம்ளர்ல போகுது. ஊட்டுற கையில போகுது."

என் கையை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"தெரிஞ்சும் ஏன் சார் நிறுத்தல?"

"புழு செத்துட்டு இருந்துச்சேங்க அக்கா. இன்னும் ரெண்டே தொட்டி பாக்கி இருந்துச்சு."

அவரை அறைந்திருப்பேன். கை எழுந்துவிட்டது. ஆனால் குழாயை வாயில் வைத்தது யார்? தொட்டிகளைப் பார்த்தேன். தண்ணீர் பளிங்காக இருந்தது. ஒரு புழு இல்லை. மஞ்சள் மீன் முதுகு ஒடுங்கி ஒரு மூலையில் நின்றது.

"மாத்து மருந்து?"

"தேடறோம். மேல எல்லாருக்கும் எழுதியாச்சு. ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருசமும் ஆகலாம். பெரியவங்களுக்குப் பயமில்லைங்க. பசிதான் போயிருக்குது, வாயும் வயிறும் இருக்குது. மணி பாத்துச் சாப்ட்டாப் போதும்."

"பொறக்கப் போற பிள்ளைக்கு யாரு சார் மணி பாத்துச் சொல்லுவா?"

அவர் டிபன் பாக்ஸை இழுத்து மூடினார்.

மாதா கோயில் பங்குச் சாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்லவர், ஒல்லியாகியிருந்தார். அடுத்த நாளிலிருந்து காலை எட்டு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஏழு என்று கோயில் மணி அடித்தது. மணி கேட்டதும் ஊரே உட்கார்ந்து, கஷாயம் குடிக்கிற முகத்தோடு சோற்றை விழுங்கியது. ஜெசிந்தாவுக்கு நான் ஊட்டுவதை நிறுத்தினேன். எதிரில் உட்கார்ந்து, அவளே ஒவ்வொரு வாயாக எடுத்து வைக்கும்வரை முறைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழுவாள். நானும் அழுவேன். தட்டு காலியாகாமல் எழுந்திருக்க விடமாட்டேன். நான்கு வாரத்தில் அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை திரும்பியது. உள்ளே பிள்ளை உதைத்தது. ஒருவேளை தப்பித்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

தை மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் ஜெசிந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ நூறு கிராம். மூச்சுக்காக ஒருமுறை அழுதது, என் காதால் கேட்டேன். பிறகு சுத்தம் செய்து, துணி சுற்றி, வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அழவில்லை. ஜெசிந்தா மார்பில் வைத்தாள். பிறந்த பிள்ளை கன்னத்தில் எது பட்டாலும் வாயைத் திருப்பித் தேடும். இது தேடவில்லை. காம்பை வாயில் வைத்தால் வாய் அப்படியே திறந்திருந்தது.

"எக்கா, இவ அழ மாட்டேங்காளே."

நான் அந்தக் குட்டிப் பாதத்தை லேசாகக் கிள்ளினேன். வீலென்று அழுதது. விட்டதும் நின்றுவிட்டது. வலிக்கு அழத் தெரிகிறது. பசிக்குத்தான் அழத் தெரியவில்லை. ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். என் கைதான் ஜெசி, இந்தக் கைதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வார்டு நர்ஸ் ரிஸ்வானா சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். "சமத்துப் பிள்ளை. பயப்படாதிய. இந்த மாசம் இங்க பொறக்குறது எல்லாமே சமத்தாத்தான் பொறக்குது."

அப்போதுதான் வார்டு காதில் விழுந்தது. பதினாலு கட்டில். பதினாலு தாய், பதினாலு பிள்ளை. மின்விசிறிச் சத்தமும் யாரோ வாளி வைக்கிற சத்தமும் மட்டும்தான் இருந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு, தொந்தரவே இல்லாத பிள்ளை என்று தாய்மாரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் கேட்டேன். "எந்த ஊரும்மா?"

"எட்டயபுரம் பக்கம். ஏன் கேக்கிய?"

"இந்தப் பக்கம் சொந்தம் யாரும் உண்டா? மீன் வாங்க, கோயிலுக்குன்னு வருவியளா?"

"இல்லக்கா. நான் கடலே பாத்ததில்ல."

அவள் பிள்ளைக்கு இரண்டு நாள். உதடு காய்ந்திருந்தது. சிஸ்டர் பாலாடைச் சங்கில் கொஞ்சம் பால் எடுத்து ஊற்றினார். கடைவாய் வழியாக வழிந்து துணி நனைந்தது.

என் பையில் நீள மூக்கு ஃபில்லர் ஒன்று புதிதாக இருந்தது. பிள்ளை பிறக்கும் முன்னே கொதிநீரில் போட்டெடுத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். எதற்கு எடுத்து வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல்தான் வைத்தேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினேன். வாயைத் துணியால் கட்டிக்கொண்டேன். ஜெசிந்தா பீய்ச்சிக் கொடுத்த பாலை எடுத்து, எங்கள் பிள்ளையின் கீழுதட்டு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். வேகமாக விட்டால் வழிந்துவிடும். காத்திருக்க வேண்டும். வாய் மூடியது. தொண்டை அசைந்தது. அடுத்த சொட்டு. இருபது நிமிடத்தில் அரை அவுன்ஸ்.

சிஸ்டர் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பழக்கதோஷத்தில் கேட்டார், "சாப்டாச்சாக்கா?"

ஆச்சு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன்.

"இல்ல சிஸ்டர். இன்னைக்கு இன்னும் சாப்டல. நீங்க?"

"ஆச்..." என்றவர் நின்றார். மேசைக்கு அடியில் அவர் சாப்பாட்டுப் பை முடிச்சு அவிழாமல் இருந்தது. அதற்குப் பின்னால் முந்தின நாட்களின் பைகள் மூன்று. அவர் கண் அந்தப் பைகளின் மேலேயே நின்றுவிட்டது. உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்து தோளைப் பிடித்தேன்.

"இன்னைக்கு உள்ளத எடுத்துட்டு வாங்க. முதல்ல நாம திம்போம். அப்புறம் எத்தன ஃபில்லர் கிடைக்குதோ அத்தனையும் வேணும்."

சோறு மண்ணாக இருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றோம். அந்தத் தாய்மாரையும் சாப்பிட வைத்தோம். பிறகு சிஸ்டர் தேடிக் கொடுத்த ஃபில்லர்களோடு முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னே கை கழுவி, ஒரு சொட்டு வைத்து, வாய் மூடும்வரை நின்று, அடுத்த சொட்டு வைத்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாயும் பழகிக்கொண்டாள்.

பதினாலாவது பிள்ளையை முடித்தபோது முதல் பிள்ளைக்கு நேரமாகியிருந்தது. யாரும் அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, திரும்பவும் முதல் கட்டிலுக்கு நடந்தேன்.